இடது காலும் அறமும்

2014 பிப்ரவரியில், டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி சுசுகியின் செலேரியோ வந்தபோது ஒரே வண்டி இரண்டு விதமாக வந்தது. இரண்டிலும் அதே 998 சிசி எஞ்சின், அதே ஐந்து கியர்ப் பெட்டி. ஒன்றில் கிளட்ச் மிதி இருந்தது, மற்றதில் இல்லை. மிதி இல்லாத வண்டியில் கிளட்சை அழுத்தி விடுவதையும் கியர் மாற்றுவதையும் பெட்டியோடு பொருத்திய சிறு கருவி ஒன்று செய்தது. ஏஎம்டி என்று இன்று ஷோரூமிலும் தெருவிலும் சொல்லப்படுவது இதுதான். நிறுவனம் அறிவித்த மைலேஜ்கூட இரண்டுக்கும் ஒன்றே: லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். ஆட்டோமேட்டிக் என்றால் பெரிய வீட்டு வண்டி, பெட்ரோலைக் குடிக்கும் வண்டி என்று ஒதுங்கியிருந்த குடும்பங்கள் அதன் பிறகுதான் இந்தக் கேள்வியைத் தங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டன. 40,000, 50,000 ரூபாய் கூடப் போட்டால் இடது காலுக்கு ஓய்வு. போடலாமா, வேண்டாமா?

விலை, பராமரிப்பு, பழைய வண்டியாக விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்குகளை அவரவர் போட்டுக்கொள்வார்கள். என்னை நிறுத்துவது அந்தக் கணக்குக்கு நடுவே எப்போதும் எழும் வேறொரு பேச்சு. கியர் போட்டு ஓட்டுவதுதான் ஓட்டுவது, மற்றது வெறுமனே உட்கார்ந்து போவது, சோம்பேறிக்கும் பயந்தவருக்கும் உரியது என்ற பேச்சு அது. வசதியைப் பற்றிய பேச்சு போலத் தோன்றினாலும் இது அறத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பு. ஒரு வேலையைத் தன் கையால் செய்பவர், அதைக் கருவியிடம் விட்டவரைவிட மேலான மனிதர் என்கிறது. இந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்க ஏஎம்டியைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே திரவம் சுழல்கிறது. 1958இல் ஹாலந்தின் டாஃப் நிறுவனம் தன் சின்னக் காரில் வைத்ததோ பெல்ட்டால் இயங்கும் ஏற்பாடு. அதில் படிப்படியான கியரே கிடையாது. அவற்றோடு கியர் வண்டியை ஒப்பிட்டால் இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுகிறோம். ஏஎம்டியில் பல்சக்கரங்கள் அவையே, கிளட்ச் தட்டு அதுவே. மாறியிருப்பது செய்கிறவர் யார் என்பது மட்டும்.

கியர் வண்டியின் பக்கம் நிற்பவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். அதை மிக அழகாகச் சொன்னவர் சீன ஞானி சுவாங் ட்சு. அவர் பெயரால் வழங்கும் நூலில் ஒரு கிழவர் கிணற்றுக்குள் வழி வெட்டி இறங்கி, குடத்தில் நீர் மொண்டு வந்து தோட்டத்துக்கு ஊற்றுகிறார். கன்ஃபூசியஸின் சீடர் ஒருவர் அதைப் பார்த்து இரங்கி, ஒரே நாளில் நூறு பாத்திக்கு நீர் பாய்ச்சும் ஏற்றத்தைப் பற்றிச் சொல்கிறார். கிழவருக்கு ஏற்றம் தெரியாமல் இல்லை. கருவி வந்தால் கருவியின் வேலைகள் வரும், பிறகு மனமும் கருவியைப் போல் ஆகிவிடும், அதனால் அதைத் தொட வெட்கப்படுகிறேன் என்பது அவர் பதில். இருபதாம் நூற்றாண்டில் தத்துவவாதி மைக்கேல் பொலானி இன்னொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். சொல்லில் எழுதிவைக்க முடியாத, உடம்பில் மட்டுமே தங்கும் அறிவு ஒன்று உண்டு என்றார். மேட்டில் நிற்கும் வண்டியை ஹாஃப் கிளட்சில் பிடித்து, எஞ்சின் முனகலைக் காதால் அளந்து, பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாமல் கிளப்புகிறாரே ஒருவர், அவருக்குத் தெரிவதை எந்தப் புத்தகத்தாலும் தர முடியாது. வண்டியில் ஐந்து பேர் ஏறினால் அந்தப் பாரம் அவர் இடது பாதத்துக்குத் தெரியும். கருவியிடம் விட்டவருக்கு உலகோடு இருந்த இந்த ஓர் உறவு அறுந்துபோகிறது. இந்த இழப்பு உண்மையானது. இல்லை என்று சொல்லி வாதத்தில் வெல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் கிழவரின் கோட்டை எங்கே கிழிப்பது? 1912இல் காடிலாக் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவரும் வரை பெரும்பாலான வண்டிகளின் எஞ்சினை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. 1928இல் அதே நிறுவனம் சின்க்ரோமெஷை வைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் பொருத்த வேண்டும்; தவறினால் பற்கள் உரசிக் கத்தும். அன்றைய ஓட்டுநர் இன்றைய மேனுவல் வண்டியில் ஏறினால், பாதி வேலையை வண்டியே செய்கிறதே என்றுதான் சொல்வார். நாம் எந்த வயதில், எந்த வண்டியில் கற்றோமோ அங்கே கோட்டைக் கிழித்து, அதற்கு இப்பால் உள்ளதை உழைப்பு என்றும் அப்பால் உள்ளதைச் சோம்பல் என்றும் சொல்கிறோம். சுவாங் ட்சுவின் கதைக்கு ஒரு முடிவுப் பகுதியும் உண்டு. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். சீடர் ஊர் திரும்பிச் சொன்னதைக் கேட்ட கன்ஃபூசியஸ், அந்தக் கிழவருக்கு ஒன்று தெரிகிறது, இரண்டாவது தெரியவில்லை, உள்ளே ஒழுங்கு செய்கிறார், வெளியே செய்யவில்லை என்கிறார். சாலை என்பது முழுக்க வெளியே. தோட்டத்துக் கிழவரின் குடம் யாரையும் இடித்துவிடாது.

கோடு வழுக்குகிறது என்பதால் மட்டும் ஒரு மதிப்பு பொய்யாகிவிடாது என்று ஒருவர் மறுக்கலாம். எந்த மணியில் இரவு தொடங்குகிறது என்று சொல்ல முடியாவிட்டாலும் இரவும் பகலும் வேறுதானே? சரி. அப்படியானால் அந்த மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். திறனுக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாட்டை அரிஸ்டாட்டில் ஒரு கூர்மையான சோதனையால் காட்டுகிறார். தொழில் திறனில், வேண்டுமென்றே தவறு செய்பவர் தெரியாமல் தவறு செய்பவரைவிட மேல். அறம் சார்ந்த அறிவில் இது தலைகீழ். கற்றுக்கொடுப்பவர் மாணவருக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே வண்டியை ஆஃப் செய்தால் அவர் திறமை குறைவதில்லை. சாலையைக் கடக்கும் மூதாட்டியை வேண்டுமென்றே அரள வைத்து முந்துகிறவரோ, கவனிக்காமல் அதைச் செய்தவரைவிடக் கீழானவர். கியர் போடுவது முதல் வகை. அதில் தேர்ந்தவருக்குப் பாராட்டு உண்டு, மேன்மை இல்லை.

இதை நம் கதை மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மகாபாரதத்திலும் புகழேந்தியின் நளவெண்பாவிலும் வரும் நளனைவிடத் தேர்ந்த ஓட்டுநர் நம் நினைவில் இல்லை. வாகுகனாக உருமாறி இருதுபன்னனுக்குத் தேரோட்டும்போது, மன்னனின் மேலாடை நழுவி விழுந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் தேர் நெடுந்தொலைவு கடந்துவிடுகிறது. குதிரையின் உள்ளத்தை அறிந்த கை அது. அதே நளன்தான் சூதில் நாட்டை இழந்தவன், உறங்கிக்கொண்டிருந்த தமயந்தியை நள்ளிரவில் காட்டில் விட்டு நீங்கியவன். கலி பிடித்திருந்தான் என்று கதை காரணம் சொல்கிறது. அந்தக் கலி பிடித்திருந்த காலத்திலும் அவன் தேரோட்டும் திறன் ஒரு மாற்றுக் குறையவில்லை. இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு இதுவே போதுமானதாகப் படுகிறது. இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் செயலிழந்த ஒருவர் கிளட்ச் இல்லாத வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். மேனுவல் ஓட்டுவது மனிதரை மேலாக்குகிறது என்றால், அந்த மேன்மைக்கு அவருக்கு வழியே இல்லை என்றாகிறது. இடது கால் இருந்தால்தான் கைகூடும் ஒன்றை அறம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் ஓட்டுவதில் அறம் எங்கே இருக்கிறது? கவனத்தில் இருக்கிறது என்பேன். கவனத்தின் அளவைவிட அது யார்மேல் விழுகிறது என்பதில். இதற்கு ஓரளவு சான்றும் உண்டு. 1998இல் இஸ்ரேலிய ஆய்வாளர் டேவிட் ஷினாரும் உடன் உழைத்தவர்களும், கியர் மாற்றுவது எவ்வளவு தூரம் தன்னியல்பானது என்று சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் மேனுவல் வண்டியில் இருக்கும்போது சாலையோரப் பலகைகளைக் காணத் தவறுவது, ஆட்டோமேட்டிக்கில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. அனுபவசாலிகளிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. மேனுவல் பக்கத்தார் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்: பழகியவருக்குக் கியர் ஒரு சுமையே இல்லை, பிறகு எதற்கு ஆட்டோமேட்டிக்? நான் அதே பாதியிலிருந்து வேறொன்றைப் பார்க்கிறேன். பழகியவருக்கும் கியரை மாற்றுவது அவருடைய கவனம் அல்ல, பழக்கம். அன்றாடச் சிறு செயல்களைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டால்தான் மனம் மேலான வேலைகளுக்கு விடுபடும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதினார். ஆகவே தேர்ந்த ஓட்டுநரின் வண்டியும் ஒருவகை ஆட்டோமேட்டிக்தான். கருவி கியர்ப் பெட்டிமேல் இல்லாமல் அவர் நரம்புக்குள் இருக்கிறது. பல வருட உழைப்பால் அவர் அதை உண்டாக்கிக்கொண்டார் என்பது அவர் பெருமை. எதிரே ஓடி வரும் குழந்தைக்கு அந்தப் பெருமையால் எந்தப் பயனும் இல்லை. அவர் கண் எங்கே இருக்கிறது என்பதே அந்தக் குழந்தைக்கு முக்கியம்.

இங்கேதான் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் உதவுகிறது. எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களை அது வகுக்கிறது: இருப்பிடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தன்னை மட்டுமே கர்த்தா என்று காண்பவர் சரியாகக் காணவில்லை என்றும் சொல்கிறது. நான் ஓட்டுகிறேன் என்ற அழுத்தத்தில் இருக்கும் ‘நான்’ சாலையைப் போட்டவரையும், பிரேக்கைச் செய்தவரையும், வழிவிட்ட லாரிக்காரரையும் மறந்த ‘நான்’. கடோபநிடதத்தின் தேர் உவமையும் அப்படியே: உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. ஆன்மாவோ தேரில் அமர்ந்து வருபவர். வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது அந்த உவமையின் நடுவிலேயே இருக்கிறது, அதில் இழிவு ஏதும் சொல்லப்படவில்லை. விவேகம் இல்லாத சாரதியிடம் குதிரைகள் கட்டுப்படா என்பதுதான் அதன் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையே எனக்கு எதிரான மிகக் கடினமான வாதமும்கூட. இடது காலும் இடது கையும் விடுபட்டால் கவனம் சாலைக்குப் போகும் என்று யார் உறுதி சொன்னது? அது செல்போனுக்குப் போகும். வேலை குறைந்த மனம் விழித்திருப்பதைவிட உறங்கிப்போவதே வழக்கம். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்து, 31 வயதுத் தாயும் 3 வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தியிருந்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. கிளட்ச் இருந்திருந்தால், பதற்றத்தில் இரண்டு காலும் ஒன்றாக மிதித்து எஞ்சின் விலகியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி நடந்திருக்கவும் கூடும். ஆட்டோமேட்டிக்கில் ஒரு தவறான மிதிக்கும் விபத்துக்கும் நடுவே நிற்பது குறைவு. அதை வாங்குகிறவர் இதை அறிந்தே வாங்க வேண்டும். ஆனால் இந்த வாதம் எதை நிறுவுகிறது என்று பாருங்கள். மேனுவலை ஒரு தடுப்பாக, கையைக் கட்டிப்போடும் கயிறாகத்தான் அது புகழ்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு கியர் மாற்றுகிறவர்களை எந்த ஊர் சிக்னலிலும் பார்க்கலாம். கயிறு அவர்களைக் கட்டவில்லை. கவனத்தை ஒருவர் பிறருக்குத் தரும் கொடையாகவே கண்ட பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெயில், 1934 முதல் 1935 வரை பாரிஸ் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நின்று உழைத்தவர். உடலைத் தொடர்ந்து வேலையில் பூட்டிவைத்தால் சிந்தனையே வற்றிப்போகிறது என்பதை அவர் அங்கே கண்டார். கை ஓயாதிருப்பது மனம் விழித்திருப்பதற்குச் சாட்சி ஆகாது. கூட்ட நெரிசலில் ஒரு மணி நேரத்தில் நூறு முறை கிளட்ச் மிதித்துக் கால் கடுத்து வருகிறவரிடம், வீட்டுக்கு முந்திய கடைசித் தெருவில் கடப்பவருக்காக நிற்கும் பொறுமை எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஆகவே நகரத்துக்குள் ஓடும் சின்னக் காருக்கு ஆட்டோமேட்டிக்கைத் தேர்வது தாழ்வு அல்ல என்பது என் முடிவு. புதிதாகக் கற்றவருக்கு அது கூடுதல் பொறுப்பான தேர்வுகூட. இதே காரணம் வேறு இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்வதையும் ஒப்புக்கொள்கிறேன். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில், தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடியை இழக்கும். ஏஎம்டி கருவிக்கு வேகம் தெரியும், ஆக்சிலரேட்டர் அழுத்தம் தெரியும். அடுத்த வளைவு தெரியாது, அதற்குப் பின்னால் ஏறி வரும் பேருந்தும் தெரியாது. முன்னால் இருப்பதைக் கண்டு முன்கூட்டியே கியரை இறக்குவது அங்கே பிறர்மேல் வைக்கும் கவனத்தின் ஒரு பகுதியே ஆகிறது. மலைச்சரிவில் வாழ்ந்து நாள்தோறும் அந்தச் சாலையில் போகிறவர் மேனுவலை வாங்குவதே சரி. எப்போதாவது அப்படிப்பட்ட சாலையில் போகிற ஏஎம்டிக்காரர், லிவரைக் கையால் கியர் மாற்றும் ‘எம்’ பக்கம் தள்ளி, முதல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியரைப் பிடித்துவைத்து, ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்கட்டும். அதற்குக் கிளட்ச் மிதி தேவையில்லை.