காரணமின்றி வயிற்றைக் கீறலாமா?

“சுகப்பிரசவம் ஆகும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் பெண் வலிக்குப் பயப்படுகிறாள். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட மார்க்கத்தில் தடை உண்டா?” இப்படி நம்மிடம் கேட்போர் பெருகி வருகின்றனர்.

தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்று டாக்டர் கூறினால் சிசேரியன் செய்வது ஆகுமானதே. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருக்கும்போது தயங்கி நிற்பதுதான் தவறு. கர்ப்பிணி இறந்து, வயிற்றில் சிசு உயிரோடிருந்தால் கீறி எடுக்கலாம் என ஹனபி, ஷாபிஈ சட்ட அறிஞர்கள் அன்றே அனுமதித்துள்ளனர். மய்யித்தின் கண்ணியத்தையும் ஓர் உயிருக்காக விட்டுக்கொடுத்தார்கள். அனுமதிக்குக் காரணம் உயிர், வசதியன்று.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தேவைக்காகக் கிடைக்கும் சலுகை, தேவையின் அளவோடு நின்றுவிடும். கீறலின் தீங்கு அன்றோடு முடிவதுமில்லை. அடுத்த பேற்றில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பிரியாமல் பெரும் இரத்தப் போக்கு ஏற்படக்கூடும். கருப்பையையே அகற்ற நேர்வதும் உண்டு. ஆபரேஷன்கள் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. 39 வாரம் நிறையுமுன் நாள் குறித்து எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 1985-ல் சிசேரியன் 100-க்கு 10 முதல் 15 வரை இருந்தால் போதும் என்றது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. இவை யாவும் பெண்கள் கேட்டுப் பெற்றவை என்றோ, தேவையற்றவை என்றோ நாம் கூறமாட்டோம். ஆயினும் “உண்மையிலேயே தேவையா?” என்று குடும்பத்தார் டாக்டரிடம் கேட்டாக வேண்டிய காலம் இது.

நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் கீறச் சொல்வோருக்கு என்ன சொல்வது? சகுனம் பார்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, முஸ்லிம் வீட்டில் அதற்கு இடமேது? கணவனின் லீவுக்கேற்ப நாள் குறிப்பதும் முறையன்று. வெட்டுப்படுவது அவள் உடலல்லவா?

ஆனால் அஞ்சும் பெண்ணை ஏசலாமா? மர்யம் (அலை) அவர்களைப் பிரசவ வலி பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுசென்றது. இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வருந்தினார்கள். அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாம் என ஆறுதல் அளித்தான். காலடியில் நீரோடையும், உண்ணக் கனியும் தந்தான். வலியில் துடிக்கும் பெண்ணை நடத்தும் முறையைத் திருமறை இப்படிக் கற்பிக்கிறது. “நாங்களெல்லாம் பெறவில்லையா?” என்று ஏளனம் செய்யும் மாமியார்மார் இதைச் சிந்திக்கட்டும்.

பிரசவ நேரத்தில் தாயோ சகோதரியோ விடாமல் உடனிருந்தால் ஆபரேஷன் குறைகிறது என மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. வலி தணிக்க முதுகில் போடும் ஊசிக்கும் மார்க்கத்தில் தடையில்லை. ஆறுதலுக்கும் அடங்காமல், உறக்கமும் உணவும் கெடும் அளவுக்கு அச்சம் முற்றினால் அதுவும் ஒரு நோயே. அப்போது நம்பிக்கைக்குரிய டாக்டர் சிசேரியனே தக்கது என்றால், அதைக் காரணமற்றது என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆகவே ஆபரேஷன் நாளைக் குறிக்குமுன், அவள் அச்சத்தைப் போக்க நாம் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். கீறலால் பெற்றவளும் முழுமையான தாயே; சுமந்த சிரமத்தின் கூலி அவளுக்கும் உண்டு. நம் பெண்களுக்கு வல்ல அல்லாஹ் பேற்றை எளிதாக்குவானாக! ஆமீன்.