நினைவு தவறுபவரின் வாக்குறுதி

நன்னடத்தைப் பிணை என்பது, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு ஊரிலேயே வாழவிடும் ஏற்பாடாகும். 1936-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் இதற்கெனத் தனிச்சட்டம் கண்டது. இன்றைய 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், மூன்றாண்டுக்கு மேற்படாத பிணையையும் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பையும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கொடுத்த வாக்கை நினைவில் வைத்து நாள் தவறாமல் நடக்கும் மனம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். மனச்சிதைவு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவரிடம் முதலில் தடுமாறுவது அந்த மனமேயாதலால், அவர் தரும் வாக்கு யாரால் காக்கப்படும் என்ற கேள்வி எழுகிறது. செய்கையின் தன்மையை அறியவே இயலாத நிலையில் குற்றம் செய்தவரைச் சட்டம் விடுவித்துவிடும். இங்கே பேசப்படுபவர், அந்த விலக்குக்குள் அடங்காமல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, நோயோடு வாழ்பவர்.

விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வாரின் ஊருமாகும். அவரைப் போற்றும் வைணவ மரபில் இக்கேள்வி வேறோர் உருவில் நெடுங்காலம் ஆராயப்பட்டிருக்கிறது. இறைவனைத் தாயாகவும் உயிரைக் குட்டியாகவும் வைத்து, தாயின் வயிற்றைக் குட்டி தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மர்க்கட நியாயம் என்றும், பற்றத் தெரியாத குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பதை மார்ஜார நியாயம் என்றும் கூறுவர். முன்னது குரங்கின் வழி, பின்னது பூனையின் வழி. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் வற்புறுத்தினர். பிணைப்பத்திரம் குரங்கின் வழியில் எழுதப்பட்டது. ஆயின் மனம் நோயுற்றவரிடம் பற்றும் கையே தளர்ந்திருக்கிறது.

சுந்தரபாண்டியத்திலிருந்து ராஜபாளையத்து நூற்பாலைக்கு இரவு ஷிஃப்டுக்குப் போகும் இத்தகைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை போட்டால் கதிர் ஓடும் இயந்திரத்தின் முன்னேயே கண் செருகும். வேலை போய்விடும் என்று மாத்திரையை விடுகிறார். தூக்கம் கெட்டு நோய் திரும்ப, அலுவலரிடம் கையெழுத்திட வேண்டிய நாளையும் மறக்கிறார். முதல் தவறுக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், அல்லது பழைய குற்றத்துக்கே தண்டிக்கலாம் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. அதே சட்டத்தின் பதினான்காம் பிரிவோ, தேவையான இடத்தில் தக்க வேலை கிடைக்க முயல்வதையும் அலுவலரின் கடமையாக்குகிறது. பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தருமாறு ஆலையில் ஒருமுறை பேசுவது, ஓராண்டுக் கையெழுத்துகளைவிட மிகுதியாக அவரைக் காக்கும்.

எனினும் பூனையின் வழியிலும் ஆபத்து உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பராமரிப்பு என்ற பெயரில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் மடிந்தனர். இறந்தோர் 28 பேர். தானே பற்ற இயலாதவருக்காகப் பிறர் முடிவெடுக்கத் தொடங்கும்போது, கவ்வும் வாய்க்கும் கட்டும் சங்கிலிக்கும் இடையே உள்ள தூரம் விரைவில் குறைந்துவிடுகிறது.

இதற்கு விடை பெரியாழ்வாரிடமே இருக்கிறது. தம் திருமொழியின் நான்காம் பத்தில், இறுதிக் காலத்தில் நினைவு தப்பிப்போகும் என்று உணர்ந்த அவர், நினைவுள்ள காலத்திலேயே திருவரங்கனிடம் தம் வேண்டுதலைச் சொல்லி வைக்கிறார். பின்னர் நினைக்க வேண்டிய பொறுப்பு இறைவனுடையதாகிறது. சுமப்பவர் வேறொருவர், ஆனால் சொல் சுமக்கப்படுபவருடையது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் முன்னறிவுறுத்தல் உரிமையும் இத்தகையதே: தெளிவுள்ளபோது ஒருவர் தமக்கு வேண்டிய சிகிச்சையையும் வேண்டாததையும் எழுதி வைக்கலாம், தம் சார்பில் பேசுபவரையும் நியமிக்கலாம், முடிவெடுக்கும் திறன் இழந்த காலத்தில் அவ்வெழுத்து உயிர்பெறும். பிணைப்பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே நன்னடத்தை அலுவலர் இதையும் எழுத உதவ வேண்டும்: எந்த மாத்திரையில் கை நடுங்குகிறது, எத்தனை நாள் தூங்காவிட்டால் நோய் திரும்புகிறது, கதவைத் திறக்க மறுக்கும் நாளில் காவலருக்கு முன்னே அக்காவை அழைக்க வேண்டுமா, அண்ணனையா என்பதுவரை, அவருடைய சொற்களிலேயே.