பிடித்திருக்கும் கை

கியா பார்மில் காய்கறித் தோட்டத்துக்குக் காவல் நிற்கும் நாய்க்கு அடிபட்டால் வேனில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதை அதிக நேரம் தொடுவது டாக்டர் இல்லை, உதவியாளர்தான். எடை பார்ப்பது, ஊசி போட முன்காலில் முடியை மழிப்பது, எக்ஸ்ரே மேசையில் அசையாமல் கிடத்துவது, மயக்கத்தில் மூச்சை எண்ணுவது, கூண்டு கழுவுவது. இதில் பாதி வேலை, பிடித்துக்கொள்வது.

எனக்குக் கேள்வி இங்கேதான் வருது. மனுஷன் ஊசிக்குக் கையை நீட்டினால் அது சம்மதம். நாய்க்கு அந்த ஊசி எதுக்குன்னே தெரியாது. அப்போ, நல்லதுக்கே என்றாலும் அதை அழுத்திப் பிடிப்பது வன்முறைதானே?

வளர்ப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது பதிலாகாது. மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர்மேல் கடமைகளைச் சுமத்துகிறது. நாயின் சம்மதத்தை அவர் தர முடியாது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, பக்கத்தில் நின்று கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணுகிறது. விலங்கு மருத்துவத்தில் அவர் வேலை இன்னும் கனமானது. சம்மதம் கிடைக்காது, மறுப்பு மட்டும் தெரியும். காது பின்னால் மடங்கும், வால் ஒடுங்கும், உடம்பு விறைக்கும். கைக்கு அது முதலில் தெரியும். "டாக்டர், கொஞ்சம் நிப்பாட்டுவோம்" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ரத்தம் கொட்டும்போது நிறுத்த முடியாது. கருணைக்கொலை ஊசியின்போதும் விட முடியாது. அப்போது அந்த வன்முறையை இல்லையென்று சொல்லாமல், தேவைக்குமேல் ஒரு நொடிகூட அழுத்தாமல், கடைசிவரை பக்கத்தில் இருக்கலாம். வாயில்லா ஜீவனுக்கு நாம் தரக்கூடிய நியாயம் அவ்வளவுதான். அது சின்ன விஷயமில்லை.