ஒரு கிலோ, 850 கிராம்

கோடை விழாவிலும் ஊர்ச் சந்தையிலும் சின்ன உருளையை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே காப்பிக்கொட்டை வறுத்து விற்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. மணமே கூட்டம் சேர்த்துவிடும். கணக்குதான் கையைக் கடிக்கும். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால், ஈரம் போய் ஏறக்குறைய 850 கிராம்தான் தேறும். கருக்க வறுத்தால் இன்னும் குறையும். பச்சைக் கொட்டையின் விலையை மட்டும் வைத்து ரேட் போட்டவருக்கு, விழா முழுக்க விற்றாலும் லாபம் நிற்காது.

வறுவலின் பதமோ நொடிக் கணக்கு. பச்சை மஞ்சளாகி, தவிட்டு நிறம் ஏறி, 200 டிகிரியை ஒட்டிப் படபடவென வெடிக்கத் தொடங்கும். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அப்போது கண்ணும் காதும் உருளையில்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கசப்பு தட்டிவிடும்.

“இப்போ இறக்குனதையே அரைச்சுக் குடுங்க” என்பார்கள். புதுக் கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். டிகாக்‌ஷன் சீராக இறங்காது. “இது ரெண்டு மூணு நாள் ஆறட்டும்மா, முந்தாநாள் வறுத்தது இருக்கு, அதை அரைச்சுத் தரேன்” என்று சொல்லி, சூடான கொட்டையைத் தள்ளி வைக்கிறாரே, அவரிடம்தான் நான் வாங்குவேன்.