திருச்செந்தூர் முருகனும் என் தம்பி மகனும்

காது கேளாத என்னைச் சின்ன வயதில் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயதுவரை வாய் திறக்காமல் இருந்த குமரகுருபரர் அந்தச் சன்னதியில்தான் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. எங்கள் தருமபுரியிலேயே, குமாரசாமிப்பேட்டையில், முருகன் இருக்கிறார். தைப்பூசத்தில் அவர் தேரைப் பெண்கள் வடம்பிடித்து இழுப்பார்கள், அம்மாவும் இழுத்திருக்கிறாள். ஆனாலும் பேச்சு கொடுக்கிற முருகன் கடற்கரையில் இருப்பவர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாழிக்கிணற்றில் குளிப்பாட்டி, இலை விபூதி பூசி, நாக்கில் தேன் தடவினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதே முருகன் அருணகிரிநாதருக்கு வேறுவிதமாக உபதேசம் செய்தார் என்கிறார்கள். பேச்சை அடக்கி அமைதியில் நிற்கச் சொன்னாராம். ஒருவருக்குப் பேச்சைக் கொடுத்தவர் இன்னொருவரை அதை விட்டுவிடச் சொல்கிறார். அப்படியானால் பேச்சு வரமா, தடையா?

பொழுதுபோகாமல் இதைக் கேட்கவில்லை. தம்பி மகனுக்கு இரண்டு வயது. இரண்டு காதும் கேட்கவில்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைப்பதா, காது மெஷின் மாட்டிப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதா, சைகை சொல்லிக்கொடுப்பதா என்று வீட்டில் என்னிடம் கேட்கிறார்கள். மூன்றில் இரண்டை அனுபவித்தவன் நான்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஊரில் பதில் தயாராக இருக்கிறது: போன ஜென்மத்துப் பாவம். பிறவியிலேயே காது கேளாதவனுக்கும் வாய் பேசாதவனுக்கும் சொத்தில் பங்கில்லை என்று மனுஸ்மிருதி ஒன்பதாம் அத்தியாயம் சொன்னது. அந்த வழக்கத்தை நீக்க 1928-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பாவம் எதுவென்று எனக்குத் தெரியும். அப்பா கட்டியது தன் அக்கா மகளை. தம்பி கட்டியதும் எங்கள் அக்கா மகளைத்தான். மறைந்து கிடக்கிற ஒரே மரபணுப் பழுது தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேர்ந்தால் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வினை தலைமுறை தாண்டி வரும் என்று பெரியவர்கள் சொன்னது ஒருவகையில் சரிதான்.

நான் படித்தது வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி. பேச்சுப் பாடம் கண்ணாடி முன்னால் நடக்கும். 'ப' சொன்னால் உதட்டுக்கு எதிரே பிடித்த காகிதத் துண்டு படபடக்க வேண்டும். 'ம' சொன்னால் மூக்குத்தண்டில் வைத்த விரலில் அதிர்வு தெரிய வேண்டும். இப்படியே ஒவ்வோர் எழுத்தாகச் சம்பாதித்தேன். ஆனால் எதிரே நின்று பேசுகிறவர் வாயருகே காகிதம் பிடிக்க முடியுமா? அவர் மூக்கில் விரல் வைக்கத்தான் முடியுமா? பணம் என்றாலும் மணம் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. 'க' தொண்டைப் பக்கமே முடிந்துவிடும். பெரிய மீசைக்காரர்களையும் வெற்றிலை போட்டவர்களையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் பாதி ஊகம்தான்.

கையை அசைத்தால் ஸ்கேலால் அடி. சைகை பழகினால் பேச்சு வராது என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கை நம் ஊரில் முளைத்ததில்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, பள்ளிகளில் பேச்சுதான் இருக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தது. 130 வருடம் கழித்து! அதற்குள் நாங்கள் அடி வாங்கி, படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டோம்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, வராந்தா டியூப்லைட் வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் கூடிக் கையால் பேசுவோம். நான் மொழி கற்றது அங்கேதான். பெரிய பையன்களிடமிருந்து சின்னப் பையன்களுக்கு அது தானாகத் தொற்றிக்கொண்டது. என் மோவாயில் ஒரு தழும்பு உண்டு. ஆள்காட்டி விரலால் மோவாயை இரண்டு தரம் தட்டினால் அது என் பெயர். வீட்டில் வைத்த பெயர் எனக்கு எழுதத்தான் தெரியும். தாத்தா செத்தபோது நான் அவர் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எங்கே போகிறார் என்று கேட்க என்னிடம் மொழி இல்லை. செத்தால் என்ன ஆவோம், சாமி எங்கே இருக்கிறது என்று நான் முதன்முதலில் கேட்டது அந்த ஜன்னலோரத்தில்தான். கேள்வியே கேட்க முடியாதவனைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் என்ன?

காது மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். காதுக்குப் பின்னால் மாட்டுவது இப்போதும் வைத்திருக்கிறேன். 675 பேட்டரி, ஸ்டிக்கரை உரித்தால் காற்றுப் பட்டு வேலை செய்யும். லாரி ஹார்ன் கேட்கும், குக்கர் விசில் கேட்கும். பேச்சு மட்டும் சத்தமாகக் கேட்குமே தவிர, சொல்லாகக் கேட்காது. நான் வேலை செய்யும் அச்சகத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அந்த வசதி என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இல்லை.

சிவன் கோயில்களில் தெற்குச் சுவரில் ஆலமரத்தடியில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார். சனகர் முதலான நால்வருக்கு வாய் பேசாமல் சின்முத்திரை காட்டியே உபதேசம் செய்தவர். வியாழக்கிழமைதோறும் அவருக்குக் கொண்டைக்கடலை மாலை போடுகிறோம். கையால் பாடம் சொன்னவரைக் குருவாகக் கும்பிடுகிற நாட்டில்தான் கையை அசைத்ததற்கு அடி வாங்கினேன் என்று ரொம்ப நாள் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அந்த நால்வரும் வேதம் முழுக்கக் கற்று முடித்துவிட்டு வந்தவர்கள். அருணகிரிநாதரும் பேசத் தெரிந்தவர்தான். மௌனம் மொழி உள்ளவர்களுக்கு வாய்க்கிற சொத்து. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்களைப் பார்த்து 'மௌன ஞானி மாதிரி' என்று பாராட்டுகிறவர்கள் சாயங்காலம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஒருநாள் வரட்டும். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பையன்கள் கூடி, ஊர் வம்பு முழுக்கக் கையால் பேசுவார்கள். அதில் மௌனம் எங்கே இருக்கிறது?

ஆக, முருகன் கதைகளில் என் கேள்விக்குப் பதில் பாதிதான் இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது மொழி. அது வாய் வழியாக வந்தாலும் சரி, கை வழியாக வந்தாலும் சரி.

இம்ப்ளான்ட் வேண்டுமா என்று நியாயமாகப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவனுக்கு மொழி இருக்க வேண்டும். மொழி வரட்டும் என்றால் வயது போய்விடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள்தான் இலவசம். மூளையும் சின்ன வயதில்தான் ஒலியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெற்றவர்கள் முடிவெடுப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆபரேஷன் செய்து, பயிற்சியும் விடாமல் கொடுத்து, நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவ்வளவு பலன் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி வெளிக்கருவியைக் கழற்றிவைத்தால் பழையபடி ஒன்றும் கேட்காது. அது பழுதானால் செலவும் பெரிது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது. அது தெரிகிறவரை பிள்ளையை மொழியில்லாமல் காக்கவைப்பதுதான் பாவம். ஜென்மம் ஜென்மமாகத் தேட வேண்டாம்.

தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: ஆபரேஷன் செய், திருச்செந்தூருக்கும் போய் வா, ஆனால் இன்றைக்கே சைகையை ஆரம்பி. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வீடியோ அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். அக்கா மகள் பால், போதும், வலி, பெரியப்பா எல்லாம் பிடித்துக்கொண்டாள். தம்பிக்குத்தான் விரல் வளையவில்லை.

உங்கள் வீட்டிலும் காது கேளாத பிள்ளை இருந்தால், பேச்சு வரட்டும் பார்க்கலாம் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.