குளத்து ஆமைகளும் நம் அமானத்தும்

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்பதைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயின், ஆதாரமற்றதொரு நம்பிக்கையால் நற்செயலொன்று நிகழ்ந்து வருமானால், அதனை எவ்வாறு மதிப்பது? நம்பிக்கையைத் திருத்தப் புகுங்கால் நற்செயலும் உடன் அழியுமானால், அப்பழி யாரைச் சாரும்? இவ்வினாவை நம்முன் நிறுத்துவது ஓர் ஆமையினம்.

இன்று சட்டோகிராம் என வழங்கும் வங்கதேசத்துச் சிட்டகாங் நகரில், பாயஸீத் பிஸ்தாமி (ரஹ்) அவர்களின் பெயரால் ஒரு தர்கா உண்டு. அப்பெரியாரின் அடக்கத்தலம் ஈரானிலுள்ள பிஸ்தாம் நகரிலேயே இருக்கிறது. சிட்டகாங்கில் இருப்பது அவர்களின் நினைவிடமே. அங்குள்ள குளத்தில் பெரிய கருநிற ஆமைகள் வாழ்கின்றன. வலியுல்லாஹ்வின் வாக்கினால் ஆமைகளாக மாறிய தீய ஜின்களே இவை என்பது அவ்வூரார் சொல்லிவரும் கதை. ஆகவே அவற்றைக் கொல்வாருமில்லை, தின்பாருமில்லை. சியாரத்துக்கு வருவோர் ரொட்டியும் வாழைப்பழமும் இறைச்சியும் ஊட்டிச் செல்கின்றனர்.

1875-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் அறிஞர் இவ்வினத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். இதன் முதுகில் கடினமான செதில்கள் இல்லை; தோல் போர்த்த மெல்லோடுதான் உண்டு. நீருக்கடியில் கிடந்தவாறே குழல் போன்ற மூக்கை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கும். முட்டையிட மட்டும் கரையேறி, மண்ணில் குழி பறித்துப் புதைக்கும். இக்குளத்தையன்றி இவ்வினத்திற்கு வேறு வாழிடம் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2002-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், இயற்கைச் சூழலில் இது அற்றுப்போயிற்று என்றே அறிவித்தது. பின்னர் 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது தனியோர் இனமே என்பதையும், அசாம் மாநிலத்திலும் வாழ்கிறது என்பதையும் உறுதிசெய்தது. 2021-இல் ‘மிக அருகிய இனம்’ என அதன் நிலை திருத்தப்பட்டது.

அசாமிலும் இதற்குப் புகலிடம் தந்தவற்றுள் கோயிற் குளங்கள் முதன்மையானவை. அங்கே இதனைத் திருமாலின் அவதாரமாகக் கருதிப் பேணுகின்றனர். ஓரிடத்தில் சபிக்கப்பட்ட ஜின், மற்றோரிடத்தில் வணங்கத்தக்க வடிவம். ஆமையோ இரண்டையும் அறியாது. அதற்குக் கிடைத்ததெல்லாம் கொல்லாமையே.

இங்கே இரு சாரார் எழுகின்றனர். தீனில் ஆதாரமில்லாத கதையைக் களைந்தெறிய வேண்டும் என்பர் ஒரு சாரார். உயிரைக் காக்கும் கதையை ஏன் கலைக்கிறீர்கள் என்பர் மறுசாரார். நம் கருத்தில், இருவரும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர்.

கதை ஒரு வேலி; கொல்லும் கையை அது தடுத்தது. ஆனால் அறியாமையைத் தடுக்க அதனால் ஆகாது. ஜின்னுக்கு மணற்கரை வேண்டுவதில்லை; ஆமைக்கு வேண்டும். கரை முழுவதையும் கற்படிகளாலும் கட்டடங்களாலும் சூழ்ந்துவிட்டால், அது எங்கே போய் முட்டையிடும்? மிஞ்சிய ரொட்டி அழுகி நீர் கெட்டால் எவ்வாறு உயிர் வாழும்? ஆமையை ஆமையென்று அறிந்தாலன்றி அதன் தேவையை அறிய இயலாது. உண்மையை நாடுவதே இரக்கத்தின் முதற்படி.

அதேவேளை, வேலியைப் பிடுங்குபவன் காவலுக்கு நிற்கவும் கடமைப்பட்டவன். கதையை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் வேறெதையும் வைக்காமல் போவோமானால், நாளை அக்குளத்தில் தூண்டில் விழும். அவ்விடத்தில் வைக்கத்தக்கதற்கு நம்மிடம் பஞ்சமா? விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை உணர்த்துகிறது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாக எடுத்துரைத்தார்கள். அடைத்து வைத்தவர் பொறுப்பாளி என்பதன்றோ அதன் பொருள்? தலைமுறை தலைமுறையாக ஒரு குளத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் இவ்வினத்திற்கும் அதே நீதி பொருந்தும்.

வழியும் இல்லாமற் போகவில்லை. ஹாஜோவிலுள்ள ஹயக்ரீவ மாதவர் கோயிற் குளத்து முட்டைகளைப் பேணிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை இயற்கை நீர்நிலைகளில் விட்டு வருகின்றனர். பக்தியும் அறிவும் அங்கே கைகோத்துள்ளன. நம்மவரால் இயலாததா இது?

வலிமாரை நேசிப்பது நன்று. அவர்கள் நேசித்த இறைவனின் படைப்பை, படைப்பு என்பதற்காகவே நேசிப்பது அதனினும் நன்று. அச்சம் காத்ததை அமானத்தாக ஏற்றுக் காப்போமாக. நம்மூர்ப் பள்ளிவாசல் ஹவுளில் நீந்தும் மீனிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.