தெரு மின்மாற்றி யாருக்குரியது?

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. புகையற்ற வண்டி நல்லதே, நானும் வரவேற்கிறேன். எனினும் புகை முற்றிலும் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. முத்துக்குளித்துறையாய் விளங்கிய இக்கடலோரத்தில், 1979-இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்ப்போர் இதை அறிவர்.

அதைவிட நெருக்கமான கேள்வி நம் தெருமுனையில் நிற்கிறது. அங்குள்ள மின்மாற்றி விளக்குக்கும் விசிறிக்கும் கணக்கிட்டு வைக்கப்பட்டது. வீட்டில் காருக்கு மின்னேற்றும் கருவியோ 7 கிலோவாட் வரை இழுக்கும். ஏறத்தாழ 90 மின்விசிறிகளின் சுமை. மாலை ஏழு மணிக்கு, கதிரவன் தந்த மின்சாரம் ஓய்ந்தபின், பத்துக் கார்கள் ஒருசேர இணைக்கப்பட்டால் மின்னழுத்தம் தாழும். கடைசிக் கம்பத்து வீட்டில் விசிறி தளரும். பெரிய மின்மாற்றி வைக்கலாம். அதன் செலவைக் கார் இல்லாதவரும் கட்டணத்தில் சுமப்பார். இது நீதியா?

காருக்குரியவர் பணம் கட்டித்தானே மின்சாரம் பெறுகிறார் என்பர். உண்மைதான், ஆயினும் மின்மாற்றி பொதுச்சொத்து, அதன் கொள்ளளவும் பொதுவானது. கார் எப்படியும் விடியும்வரை சும்மா நிற்கும். நள்ளிரவுக்குப் பின்னோ, வெயில் மிகுந்த நண்பகலில் பணியிடத்திலோ அதற்கு மின்னேற்றலாம். உப்பளத் தொழிலாளியால் அப்படித் தள்ளிப்போட இயலாது. விடியுமுன் பாத்திக்குச் செல்பவர் அவர். உறங்கக் கிடைப்பது அந்த முன்னிரவுதான்.